உங்கள் சைக்கிளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-ஆம் ஆண்டுகளில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்தும், அதோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட அக்காமார்களுக்கும் அத்தாச்சிமார்களுக்கும் சின்னம்மாக்களுக்கும்,

 

அன்னவாசல் பக்கத்து ஊர் ஒன்றில் நான் அப்போது அறிவொளித் தொண்டர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். பிள்ளையார் கோயில் மேடையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு இருபது பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்த விளக்கையும், விளக்கைச் சுற்றி வந்த ஈசலையும், "வேலைக்குப் போயிட்டு வந்து கை வலிக்குது, இன்னைக்கு எழுத மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சிலேட்டை எடுத்ததையும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, என் வகுப்பில் படித்த அத்தாச்சி ஒருவரைப் பார்க்கப் போனேன். எழுபதை ஒட்டிய வயது அவருக்கு. திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். மாட்டுக்கொட்டகைச் சுவரில் எப்போதும் சாத்தியிருக்கும் சைக்கிளைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"பேரன் எடைக்குப் போட்டுட்டான்த்தா. துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. எடத்த அடைச்சுக்கிட்டு எதுக்குன்னான்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்தார். பிரித்தால், சைக்கிள் மணி. பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம். "எதுக்குன்னு தெரியல. குடுக்க மனசு வரல" என்றார்.

இந்த மடலை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தத் திண்ணையில்தான்.

மாசியில் அவரையும் இன்னொரு சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு திருக்கோகர்ணம் போனேன். கோயிலுக்கு அவர்கள் எத்தனையோ தடவை வந்திருக்கிறார்கள். பிரகதாம்பாளை நாம் அரைக்காசு அம்மன் என்போம். பொருள் தொலைந்துபோனால் வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வோம், கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த சின்னச் செப்புக்காசில் ஒரு பக்கம் அம்மன் இருக்கும், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். அம்மன் காசு என்று அதற்கே பெயர். அத்தாச்சிக்கு இந்தக் கதை எல்லாம் அத்துப்படி. ஆனால் அதே திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருப்பதும், அதற்குள் யாரும் போகலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. "அது ஆபீஸுன்னு நெனச்சேன்" என்றார்.

உள்ளே போனோம். மிருகங்கள், பறவைகள், காசுகள், வாள்கள், சாமி சிலைகள் என்று பார்த்துக்கொண்டே வந்தவர் முதுமக்கள் தாழிக்கு முன்னால் நின்றுவிட்டார். செத்தவர்களை அல்லது அவர்களுடைய எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை அது. நம் மாவட்டத்தில் அன்னவாசல், சித்தன்னவாசல் பக்கமெல்லாம் கல்வட்டங்களும் தாழிகளும் கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் இருந்த அட்டையை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். மு, து, ம, க், கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எழுத்து அவரிடம் இருந்தது. வேகம் இல்லை, அவ்வளவுதான். முழுவதும் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எந்த ஊருன்னு போட்டிருக்கு. இத வனைஞ்சது யாரு, உள்ள இருந்தது யாருன்னு ஒண்ணும் போடலியேத்தா?"

நான் சொன்ன பதில் அப்போது எனக்கே போதவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரிந்திருக்காது, எழுதினாலும் நிற்கும்படி எழுதியிருக்க மாட்டார்கள், அதனால் நமக்குத் தெரிய வழியில்லை என்றேன். "எழுதத் தெரிஞ்சிருந்தா எழுதி வச்சிருப்பாங்க" என்று அவர் முடித்துக்கொண்டார்.

அக்காமார்களே, உங்களுக்கு எழுதத் தெரியும். நான் இங்கே சொல்லவந்த விஷயம் அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் அந்த அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுடையது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சியில், 1910-இல் தொடங்கியது. சென்னை எழும்பூருக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெரியது என்று அதைச் சொல்வார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் சின்னது, ஆனாலும் தன் மண்ணைப் பற்றி எழுதி வைப்பதில் அதற்கு ஓர் அக்கறை இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 1929-இல் புத்தகமாக அச்சிட்டார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு அருங்காட்சியகம் அரசுத் துறைக்கு வந்தது. பிறகு அங்கே காப்பாட்சியராக இருந்தவர்களில் ஜெ. ராஜா முகமது போன்றோர் நம் மாவட்ட வரலாற்றையே புத்தகமாக எழுதினார்கள். அது வெறும் கட்டடம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அங்கே வேலை பார்த்த மனிதர்கள் இந்த மண்ணை நேசித்திருக்கிறார்கள்.

அதற்குள் இருக்கும் பொருள்கள் பெரும்பாலும் உங்கள் ஊர்களில் கிடைத்தவை. கிணறு வெட்டும்போது, வயலைச் சமன் செய்யும்போது, கண்மாய்க் கரையில் மண் எடுக்கும்போது வெளியே வந்தவை. மண்வெட்டி பிடித்த கை நம் அப்பன் பாட்டன் கை. பொருள் உள்ளே போய் எண் வாங்கிப் பதிவேட்டில் ஏறியதும், அந்தக் கைக்கும் பொருளுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. பிறகு நாம் வாசலில் நின்று "அது ஆபீஸ்" என்கிறோம்.

வெளியே போய்விட்டவையும் உண்டு. ஆலங்குடி வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை ரோமாபுரி அரசர்களின் தலை போட்ட காசுகள். பெரும்பாலானவற்றில் அந்தத் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, தங்கமாக எடை போட்டுக்கொள் என்பதற்காக வெட்டினார்கள் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அந்தப் புதையலில் ஒரு பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே அதைப் பார்க்கிறவர் புதுக்கோட்டை என்ற பெயரைப் படிப்பார், கருக்காக்குறிச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நூறு வருஷம் கழித்து அதேபோல உங்கள் கதையும் வெளியே போயிருக்கிறது. பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் நம் மாவட்டத்தில் தங்கி, அறிவொளி இயக்கத்தைக் கூடவே இருந்து பார்த்து, ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 'தி லைட் ஆஃப் நாலெட்ஜ்' என்ற அந்தப் புத்தகத்தை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2013-இல் வெளியிட்டது. அதற்கு முன்பே பத்திரிகையாளர் பி. சாய்நாத் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் பற்றி எழுதினார். அது 1996-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இடம்பெற்று, பள்ளிப் பாடமாகவும் ஆனது. நல்லது. இரண்டு பேருக்கும் நாம் நன்றி சொல்லவேண்டும். ஆனால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை படிக்கும் கதையை, எந்தத் தெருவில் அது நடந்ததோ அந்தத் தெருப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்? அத்தாச்சியின் பேரனுக்குப் பதினோராம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. தன் அப்பாயி சைக்கிள் ஏறிய நாளில் ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடைக்குப் போட்டிருக்க மாட்டான். பிள்ளைமேல் குற்றமில்லை.

அவனைப் போன்ற பிள்ளைகளுக்காக, நடந்ததை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

1990 உலக எழுத்தறிவு ஆண்டு. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றுக் காட்டியிருந்தது. தமிழ்நாட்டில் அறிவொளி முதலில் தொடங்கிய மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. அறிவியல் இயக்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எங்களைப் போல ஊருக்குப் பத்துப் பேர் என்று கிளம்பிய தொண்டர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் அது. கலைப்பயணக் குழு ஊர் ஊராக வந்து தெருவில் நாடகம் போட்டது. படிக்க வந்தவர்களில் பெண்களே மிகுதி. முதல் பாடத்தில் "அம்மா, ஆடு" இல்லை. 'பட்டா', 'படி' என்று ஆரம்பித்தது. பெரியவர்களுக்கு எது வேண்டுமோ அதிலிருந்து எழுத்தைத் தொடங்கவேண்டும் என்று யோசித்து வைத்த சொற்கள். என் வகுப்பில் அன்று பட்டா என்ற சொல்லை எழுதிக் காட்டியதும் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் அதோடு நின்றுபோனது. எனக்கு அப்போது கோபம் வந்தது. பாடம் நடந்ததே அந்தப் பேச்சில்தான் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

பிறகு சைக்கிள். வகுப்புக்கு வகுப்பு போய்வரத் தொண்டர்களுக்கு வண்டி தேவைப்பட்டது. பஸ் எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. அங்கே தொடங்கி, படிக்க வந்தவர்களுக்கும் பரவியது. சைக்கிள் ஓட்டுவதும் எழுத்தறிவில் ஒரு பகுதிதான் என்று இயக்கமே அறிவித்தது. களத்துமேட்டிலும் கண்மாய்க்கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் நிலா வெளிச்சத்தில் பயிற்சி. வாடகை சைக்கிள் கிடைக்காமல் வரிசை. சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, முதலில் குரங்குப் பெடல், அப்புறம் பாருக்கு மேல் கால் போட்டு, அப்புறம் சீட்டு. பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனதால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே நீங்கள் வாங்கினீர்கள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது, பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை எல்லோரும் பாடினோம். 1992 மகளிர் தினத்தை ஒட்டி, கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் ஊர்வலம் போனதை சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள் என்பது அவர் தரும் கணக்கு.

கணக்கு அங்கே முடிகிறது. உங்கள் கைகளுக்குத் தெரிந்தது கணக்கில் இல்லை. கேரியரில் இரண்டு குடம், கைப்பிடியில் ஒன்று என்று தண்ணீர் கொண்டுவந்தது. கீரமங்கலம் பூச்சந்தைக்கு விடிவதற்கு முன் பூக்கூடையோடு போனது. பிரசவ வலி வந்த மகளைப் பின்னால் உட்காரவைத்து நடத்திக்கொண்டே மருத்துவமனைக்குப் போனது. குடுமியான்மலைப் பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்தவர்கள் வேலை முடித்துவிட்டு நேரத்தோடு வீடு திரும்பியது. கொத்தடிமையாகக் கல் உடைத்த குடும்பத்துப் பெண்களின் குழுக்களுக்கே அந்தக் காலத்தில் குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. ரசீது படிக்கவும் லோடு கணக்குப் பார்க்கவும் அப்போது எழுத்து எப்படி உதவியது என்று உங்களைத் தவிர யார் சொல்ல முடியும்?

எழுத்து நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் இருக்கிறதே, சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள், அதில் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் செதுக்கிய ஒரு வரி இருக்கிறது. எருமை நாட்டில் குமுழூரில் பிறந்த ஒரு முனிவருக்குச் சிறுபாவில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி. யார், யாருக்கு, என்ன கொடுத்தார், எந்த ஊர். எழுத்துக்கு வந்த முதல் வேலையே நம் பக்கத்தில் இதுதான் போலிருக்கிறது. குடுமியான்மலைக் கோயிலில் ஓர் அம்மன் சன்னதியைக் கட்டியவர் நாச்சி என்ற தேவரடியார். கல்வெட்டில் பெயர் இருப்பதால் எழுநூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. 2023-இல் பொற்பனைக்கோட்டையில் தொல்லியல் துறை தோண்டியபோது தங்க மூக்குத்தி ஒன்று கிடைத்தது. கால் கிராம் அளவுதான். பத்திரிகையில் படத்தைப் பார்த்தபோது, ஒரு பெண் இதைத் தொலைத்துவிட்டு எத்தனை நாள் தேடியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் பெயர் எந்த ஓட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. கல்லில் பெயர் இருப்பவளுக்கும் இல்லாதவளுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், யாரோ எழுதினார்கள், அல்லது எழுதவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே சேர்ந்து படித்த முத்துலட்சுமி ரெட்டியை நாடே அறியும். அவர் திறந்த கதவு வழியாக, எண்பது தொண்ணூறு வருஷம் கழித்துக் கூட்டமாக நுழைந்தவர்கள் நீங்கள். உங்களை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

அதனால் என் வேண்டுகோள் இது. உங்கள் சைக்கிளும் சிலேட்டும் அறிவொளிப் புத்தகமும் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டும். அவற்றுக்கான விளக்க அட்டையை நீங்கள் உங்கள் கையால் எழுதவேண்டும்.

"இதெல்லாம் ஒரு பொருளா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கூட வந்த சின்னம்மா அப்படித்தான் கேட்டார். "அங்க தங்கக் காசும் சாமியும் இருக்கு, எங்க துருப்பிடிச்ச சைக்கிளப் போயி..." என்று இழுத்தார். சின்னம்மா, அந்தத் தாழியும் அன்றைக்கு ஒரு பானைதான். வனைந்தவர் அதை அருங்காட்சியகத்துக்கென்று வனையவில்லை. மண்ணுக்குள் தப்பித் தவறித் தங்கியதால் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். தப்பித் தவறித் தங்கட்டும் என்று உங்கள் பொருள்களையும் விட்டுவிடலாமா? கஜா புயல் நினைவிருக்கிறதா? 2018 நவம்பர் 16 விடியற்காலை. வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் விழுந்து, வீட்டு ஓடு பறந்து, பெட்டியில் வைத்திருந்த காகிதமெல்லாம் ஊறி ஒட்டிப்போனது. அறிவொளிச் சான்றிதழும், முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நோட்டும் அன்றைக்கு எத்தனை வீட்டில் போயின! அப்படிப் போனவற்றில் என்னுடைய வகுப்புப் பதிவேடும் ஒன்று. இருபது பேரின் வருகையை நாள்தோறும் குறித்து வைத்திருந்தேன். இப்போது அதில் பதினான்கு பெயர்தான் என் மனதில் வருகிறது.

வேறு நாட்டில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி. எல்லா நிறத்தவரும் கலந்து வாழ்ந்த தெருக்கள். 1966-இல் அது வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அரசு அறிவித்து, அறுபதாயிரம் பேர் வரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளியது. நிறவெறி ஆட்சி முடிந்ததும், 1994 டிசம்பரில், அந்த மக்கள் ஒரு பழைய தேவாலயத்துக்குள் அருங்காட்சியகம் திறந்தார்கள். இடித்த வேலையை மேற்பார்த்த ஒருவர் தெருப்பெயர்ப் பலகைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், அவற்றைத் தொங்கவிட்டார்கள். தரையில் பழைய வரைபடத்தைப் பெரிதாக விரித்தார்கள். வந்தவர்கள் குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். அங்கே விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. அந்தப் பெயர்களைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

இவ்வளவு தொலைவு போகவேண்டாம். நம் திருக்கோகர்ணத்திலேயே ஞானாலயா இருக்கிறது. ஓர் ஆசிரியர் தம்பதி தங்கள் சம்பளத்தில் புத்தகம் புத்தகமாகச் சேர்த்து உருவாக்கிய நூலகம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். சேர்த்து வைப்பதற்கு ராஜாவாக இருக்க வேண்டியதில்லை.

எழும்பூர் மியூசியத்தை ஒரு காலத்தில் சென்னை மக்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. எனக்கு அந்தப் பெயர் சின்ன வயதில் பிடித்திருந்தது. இப்போது வருத்தமாக இருக்கிறது. பொருளை உபயோகித்தவர் உயிரோடு இருக்கும்போதே அது அருங்காட்சியகத்துக்கு வந்தால், வருகிற பிள்ளைகளுக்கு அவரே எதிரில் நின்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து, அந்த மண்ணெண்ணெய் விளக்கை எப்படிப் பற்றவைத்தோம், பாருக்கு மேல் காலை எப்படித் தூக்கிப் போட்டோம் என்று சொன்னால், தாழியை ஓடிக் கடக்கிற பிள்ளையும் நிற்கும். நின்றால் தாழியையும் பார்க்கும்.

எங்களைப் போன்ற பழைய தொண்டர்கள் சிலர் சேர்ந்து பேசியிருக்கிறோம். முதலில் ஒன்றியம் ஒன்றியமாகப் போய், யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கப்போகிறோம். பிறகு அந்தப் பட்டியலோடு காப்பாட்சியரைப் பார்த்து மனு கொடுப்போம். மனு எழுத நமக்குச் சொல்லியா தரவேண்டும்? ஆட்சியர் அலுவலகத்துக்குத் தண்ணீருக்கும் ரேஷனுக்கும் எழுதியவர்கள்தானே நீங்கள். பொருளைக் கொடுக்க மனசில்லாதவர்கள் கொடுக்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, பேசுவதைப் பதிந்துகொண்டு, பொருளை உங்களிடமே விட்டுவிடுவோம். அது எவ்வளவு முக்கியம் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும்.

என்ன இருந்தாலும் சொல்லுங்கள். சைக்கிள் முழுதாக இல்லாவிட்டால் செயின், பெடல், காற்றடிக்கும் பம்பு. அறிவொளிப் புத்தகத்தில் ஒரு தாள். ஊர்வலத்துக்குக் கட்டிய கொடி. கலைப்பயணத்தில் போட்ட சட்டை. வங்கியில் கைநாட்டுக்குப் பதிலாக முதன்முதலில் கையெழுத்துப் போட்ட பாஸ்புத்தகம். குவாரியில் உபயோகித்த சம்மட்டி. விழுந்ததில் முழங்காலில் வந்த தழும்பைக் கூடப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அக்கா சொன்னார். எடுத்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நல்லதை மட்டும் சொல்லாதீர்கள். என் ஊரில் வகுப்பு இரண்டாக நடந்தது. ஊருக்குள் ஒன்று, காலனியில் ஒன்று. ஒன்றாக உட்கார வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாடகைக்கு எடுத்த சைக்கிள் ஒன்றே ஒன்றாக இருந்ததால், களத்துமேட்டில் மட்டும் பத்து நாள் இரண்டு வகுப்பும் சேர்ந்து பழகியது; ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்தப் பத்து நாள் தொட்டுக்கொண்டதையும், மறுநாள் குழாயடியில் பழையபடி தள்ளி நின்றதையும் எழுதவேண்டும். சைக்கிள் ஓட்டியதற்காக வீட்டில் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதையும் எழுதவேண்டும். வகுப்பு நின்றபிறகு எழுத்து மறந்துபோனவர்கள் நிறையப் பேர். அவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடக்கூடாது. மறந்ததில் உங்கள் தப்பைவிட, தொடர்ந்து வந்து உட்காராத எங்கள் தப்பு பெரிது. உங்கள் அட்டையை நீங்கள் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும், கீழே உங்கள் பெயரை மட்டும் நீங்கள் எழுதுங்கள். அந்த நான்கு எழுத்து மறந்திருக்காது.

திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயிலுக்கு வருகிற வெள்ளியாகப் பார்த்து அங்கே போய்க் கதவு சாத்தியிருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். வேறு நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அட்டைகளைப் படியுங்கள், சத்தமாகப் படியுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஊர்ப் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது என்று தேடுங்கள். பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அத்தாச்சி தன் மணிக்கு அட்டை எழுதிவிட்டார். நோட்டைக் கொடுத்துவிட்டு நான் காப்பி குடிக்கப் போய்விட்டேன். அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. நான் தொடவில்லை, அட்டையில் அப்படியே இருக்கட்டும். படிக்க எளிதாக இங்கே மட்டும் சரிசெய்து தருகிறேன்:

"இது என் சைக்கிள் பெல். 1992ல் சைக்கிள் கற்றேன். மூன்று தடவை விழுந்தேன். கல் உடைக்கப் போக வர இருபது வருடம் ஓட்டினேன். மகளை இதில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன். அவள் டீச்சர். சைக்கிள் இப்போது இல்லை. பெல் அடிக்கும்."

கீழே அவர் பெயரும் ஊரும் இருக்கின்றன. அவற்றை அருங்காட்சியகத்தில் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
அன்னவாசல் வட்டாரத்து முன்னாள் அறிவொளித் தொண்டர்